அம்பத்தூருக்குப் போய்விட்ட லென்ஸ்

ஈப்போவில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தரை மொசைக். அதில் எது விழுந்தாலும் பிழைக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கேமராவிலிருந்து கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த இருபத்தைந்து எம்.எம். லென்ஸ் என் கையிலிருந்து நழுவி அந்தத் தரையில் விழுந்தது. முன்கண்ணாடி மூன்று துண்டானது. நானும் என் கணவரும் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்கள். கண்ணாடி உடையும் சத்தம் எனக்குப் பழக்கம்தான். அன்றைக்கு மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

என்னிடம் இருப்பது சாவி கொடுத்து ஓட்டும் பழைய பதினாறு எம்.எம். ஃபிலிம் கேமரா. பேட்டரி கிடையாது. ஒரு முறை முறுக்கினால் அரை நிமிடம்கூட ஓடாது. முன்பக்கத்து வட்டத் தட்டில் மூன்று லென்ஸ்கள் இருக்கும். தட்டைச் சுழற்றி வேண்டியதை முன்னால் கொண்டுவரலாம். மூன்றுமே ஒற்றை அளவு லென்ஸ்கள், ஜூம் ஆகாதவை. கிட்டே பார்க்க ஆசையென்றால் நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும். பத்து எம்.எம். லென்ஸில் கல்யாண மண்டபம் முழுவதும் தெரியும், மனிதர்கள் எறும்பு அளவில் இருப்பார்கள். எழுபத்தைந்தில் ஒருவருடைய மூக்கு மட்டும் தெரியும். எதிரே நின்று பேசுகிறவரை அவராகவே காட்டுவது இருபத்தைந்துதான். அதைத்தான் நான் போட்டு உடைத்தேன்.

உடைந்ததற்கு முந்தைய வாரம்தான் என் மகள் தர்ஷினி கோலாலம்பூரிலிருந்து ஃபோன் செய்து, “அம்மா, கல்யாணத்துக்கு வீடியோக்காரங்க வேணாம். நீங்க எடுங்க” என்றிருந்தாள். என் ஃபிலிம் பைத்தியத்தைப் பதினைந்து வருடமாகக் கேலி செய்தவள் அவள். அவள் என்னிடம் இப்படி ஒன்று கேட்டது அதுவே முதல் தடவை. அதனால் விஷயத்தை யாரிடமும் சொல்லாமல், பழைய கேமராக்காரர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் தேடினேன். அதே லென்ஸ், அதே அளவு, படத்தோடு கிடைத்தது. போட்டிருந்தவர் சென்னைக்கு மேற்கே அம்பத்தூரில் பழைய இயந்திரங்கள் விற்கும் தணிகாசலம். தபாலில் வாங்கிய லென்ஸ்கள் இரண்டு முறை என்னை ஏமாற்றியிருக்கின்றன. லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று வைராக்கியம். “வரேன், எடுத்து வையுங்க” என்று எழுதினேன். “சரிம்மா” என்று பதில் வந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கிளம்பினேன்.

தங்கியது அயனம்பாக்கத்தில், என் கணவரின் சித்தப்பா மகன் கண்ணன் வீட்டில். ஏரியைப் பார்த்த அடுக்குமாடியில் நான்காவது மாடி. கண்ணனுக்கும் அவன் மனைவி ஹேமாவுக்கும் கணினி வேலை. முதல் நாள் காலை ஹேமா காதில் ஹெட்போனோடு யாருக்கோ “ஓகே, ஓகே” சொல்லிக்கொண்டே எனக்கு இட்லியும் வடகறியும் வைத்தாள். மீந்துபோன வடையைப் பிய்த்துப் போட்ட குழம்பு என்று நினைத்தேன். தப்பு. கடலைப்பருப்பு வடையை அதற்கென்றே அரைவேக்காடாகச் சுட்டு, பட்டை சோம்போடு கொதிக்கவிட்டு, குழைந்தும் குழையாமலும் இருக்கும்போது இறக்குவதாம்.

“நீ செஞ்சதா?” என்றேன்.

“கீழ தெருமுனையில வாங்குனதுக்கா. நானே விருதுநகர்ல இருந்து இங்க வந்து ஆறு வருசந்தான் ஆகுது. வடகறியவே இங்க வந்துதான் பார்த்தேன்” என்றாள்.

ஆட்டோக்காரர் பெயர் பாபு. “அம்பத்தூர் எஸ்டேட்” என்று சொல்லி ஏறினேன். எங்கள் ஊரில் எஸ்டேட் என்றால் ரப்பர் தோட்டம். நான் பிறந்ததே அப்படியொரு எஸ்டேட்டில்தான். இங்கே அது தொழிற்பேட்டை என்று புத்திக்குத் தெரியும், கண் மட்டும் வழியெல்லாம் மரங்களைத் தேடிக்கொண்டிருந்தது. வந்ததெல்லாம் தகரக் கூரைகள், லாரிகள், வெல்டிங் பொறி, ஒரு கேட்டிலிருந்து அடுத்த கேட்டுக்கு மாறும் எண்ணெய் வாசனை. நான் மடியில் கேமராவை வைத்து முறுக்குவதைப் பாபு கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா அது, சாவி குடுத்துகினே வரீங்கோ. பொம்மையா?”

“சினிமா கேமரா.”

“இதுல எடுத்தா தியேட்டருக்கு வருமா?”

“எங்க வீட்டுச் சுவத்துக்கு வரும்.”

அவர் கொஞ்ச தூரம் யோசித்துவிட்டு, “அது போதும்மா. தியேட்டர்ல மட்டும் இன்னா வாய்துன்றீங்கோ” என்றார்.

தணிகாசலம் கடையில் மோட்டார்களுக்கும் கம்ப்ரஸர்களுக்கும் நடுவே ஒருவர் மட்டும் போகும் வழி இருந்தது. அவர் அதன் கடைசியில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தது. லென்ஸைக் கேட்டதும் கொஞ்சம் வாடியது.

“அத்த குடுத்துட்டேனேம்மா” என்றார்.

“எடுத்து வைக்கச் சொன்னேனே.”

“வரேன்னு சொன்னீங்கோ. என்னிக்கின்னு சொல்லலியே.”

வாதத்தில் ஓட்டை இல்லை. நான் ஒரு மோட்டார் மேல் உட்கார்ந்தேன். அவர் டீ வரவழைத்தார். கட்டைவிரல் உயரக் கண்ணாடித் தம்ளரில் டீ. எங்கள் ஊர்க் கோப்பையில் பாதிகூட இல்லை, ஆனால் இரண்டு மடங்கு எழுப்பியது. பிறகு பெட்டியைத் திறந்து வேறு மூன்று பழைய லென்ஸ்களைக் காட்டினார். ஒவ்வொன்றாகக் கதவு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மூன்றின் உள்ளேயும் நூலாம்படை போலப் பூஞ்சை. ஈரக் காற்றில் பூட்டி வைத்தால் கண்ணாடியையும் தின்றுவிடும் அது. ஈப்போவிலும் இதே சாபம்தான்.

“அந்த லென்ஸ் யார்கிட்ட போச்சு?” என்றேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறை. ஊசி மருந்துக் குப்பிகளுக்கு ரப்பர் மூடி செய்கிறவர்கள். மூடிகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். “அவங்க லென்சு பூட்ச்சி. அவசரம்னு வந்தாங்கோ. இத்த திருகிப் பாத்தாங்கோ, கரீட்டா குந்திகிச்சி” என்றார் தணிகாசலம். அது எனக்குப் புரிந்தது. பதினாறு எம்.எம். கேமராவுக்கென்று அந்தக் காலத்தில் வெட்டிய அதே திருகு மரைதான் இன்றும் தொழிற்சாலைக் கேமராக்களில் இருக்கிறது. எது எதிலும் பொருந்தும்.

அவரிடமே புதிய தொழிற்சாலை லென்ஸ் ஒன்று இருந்தது, அதே இருபத்தைந்து. மரை பொருந்தினாலும் அதன் நீண்ட பின்பக்கம் என் கேமராவுக்குள் இடிக்கும், எனக்கு ஆகாது. அதை என் கையில் வைத்தார். “நாளிக்கி இத்த எட்துனு போயி மாத்திக் கேளுங்கோ. சரளான்னு கீது. அது சரின்னா சரி. மொதலாளியே அது சொல்றதத்தான் கேப்பாரு.”

அன்று மாலை ஹேமா என்னைச் சமாதானப்படுத்த அத்தோ வாங்கித் தந்தாள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், எல்லாவற்றையும் கையால் பிசைந்து தருகிறார்கள். எங்கள் ஊர் மீ கோரெங்கின் தூரத்துச் சொந்தம் என்று தோன்றியது. முகம் வேறு, ஆனால் சிரிக்கும்போது சாடை தெரிகிறது.

இரண்டாம் நாள் பட்டறைக்குப் போனேன். பதினான்கு பெண்கள் வேலை செய்யும் கூடம். விரல்நுனி அளவில் கறுப்பு மூடிகள் பெல்ட்டில் வரிசையாக ஓடிவந்தன. மேலே ஒரு கம்பியில், தலைகீழாக, என் லென்ஸ். கீழே ஒவ்வொரு மூடியாக அது பார்த்துக்கொண்டிருந்தது. கெட்டதைக் கண்டால் காற்றுக் குழாய் ‘புஸ்’ என்று ஊதி அதைச் சிவப்புத் தொட்டியில் தள்ளிவிடும். இப்படியொரு வேலையில் அந்த லென்ஸைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

சரளாவுக்கு நாற்பது வயதிருக்கும். நீலக் கோட், தலையில் வலைத் தொப்பி, கோணலாக உட்கார்ந்த மூக்குக்கண்ணாடி. நான் சொன்னதை முழுவதும் கேட்டாள்.

“இத்த கேட்டுகினு மலேசியாவுலேர்ந்தா வந்தீங்க?”

“ஆமா. மகள் கல்யாணம். படம் எடுக்கணும்.”

“புதுசு குடுத்துட்டு பழச எட்துனு போறேன்றீங்க. அப்போ எது நல்லதுக்கா?”

“எனக்கு இது நல்லது. உங்களுக்கு அது நல்லது.”

“எனக்கு எது நல்லதுன்னு நான்தான சொல்லணும்” என்றாள். கோபமாக இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

பிறகு என்னை ஓர் ஓரமாக உட்காரவைத்துச் சொன்னாள். இந்தக் கேமரா வருவதற்கு முன்னால் பதினான்கு பேரும் விளக்கடியில் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு மூடியாகப் பார்ப்பார்களாம். “சாயங்காலம் ஊட்டுக்குப் போனா என் பொண்ணு மூஞ்சி ரெண்டா தெரியும். எந்த மூஞ்சிக்குச் சோறு ஊட்டறதுன்னு சிரிப்பேன். சிரிப்பு இல்லக்கா அது.” கேமரா வந்த பிறகு கண் பிழைத்தது. அதிலிருந்த லென்ஸ் போனதும் வேறு ஒன்று மாட்டினார்கள். நல்ல மூடியைத் தள்ளி, கெட்டதை விட்டது அது. இந்தப் பழைய லென்ஸ் வந்த பிறகுதான் லைன் ஒழுங்காக ஓடுகிறது.

“இந்த அம்பத்தூர் ஏரிக்குக் கீழதான் எங்கம்மா அப்பா கூலிக்கு நாத்து நட்டு களை எடுத்தாங்க. இப்ப நான் ரப்பர்ல களை எடுக்கறேன்” என்றாள். “ஒரு களை தப்பிச்சுதுன்னு வையுங்க. அது யாரோ ஒரு கொயந்தைக்குப் போட்ற ஊசி.”

அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். அதில் ஐம்பது கெட்ட மூடிகள். இத்தனை காலத்தில் அவர்கள் கண்ணில் பட்டதிலேயே கண்டுபிடிக்கக் கடினமானவற்றைப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தார்கள். பழைய லென்ஸ் ஐம்பதையும் பிடிக்கிறது. புதியது ஐம்பதையும் பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம்.

சாப்பாட்டு நேரத்தில் பெல்ட் நின்றதும் புதிய லென்ஸை மாட்டிப் பார்த்தோம். திரையில் வெறும் புகை. அத்தனை கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க அதற்குத் தெரியவில்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மெல்லிய வளையம் ஒன்று வைத்துத் தள்ளினால் தெரியும். அந்த வளையத்தை யாராவது கடைய வேண்டும்.

“நசரத்பேட்டைல இஸ்மாயில் பாய்னு லேத்துக்காரர் கீறாரு. எங்க மெஷினுக்கெல்லாம் அவருதான்” என்றாள் சரளா.

அவர்களோடு சாப்பிட உட்கார்ந்தேன். பதினான்கு டப்பாக்களும் ஒன்றாகத் திறந்தன. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், யாரோ ஒருத்தி கொண்டுவந்த எலுமிச்சைச் சாதம். நான் ஹேமா கட்டிக் கொடுத்த சப்பாத்தியை நடுவில் வைத்தேன், யாரும் சீண்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் பாதிப் பேர் கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுகிக்கொண்டிருந்தது. என் பையில் குட்டித் திருப்புளி எப்போதும் இருக்கும். ஒருத்தியின் கண்ணாடியைத் திருகி நேராக்கியதும் மற்றவர்கள் வரிசையில் வந்தார்கள். கடைசியாகச் சரளா தன்னுடையதைக் கழற்றித் தந்தாள். ஒரு பக்க மூக்குத்தாங்கி இல்லை, அதனால்தான் கோணல்.

“நாளன்னிக்கு வாங்கி வந்து போட்டுத் தரேன் லா” என்றேன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் வாக்கிய முடிவில் அப்படி ஒட்டிக்கொள்ளும். “இன்னா லாவா?” என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் ‘லா’ போடத் தொடங்கினார்கள்.

மூன்றாம் நாள் நசரத்பேட்டை. பூந்தமல்லிப் பக்கம் சாலையைத் தோண்டியிருந்தார்கள், பஸ் வேறு தெருவில் திரும்பியது. நான் இறங்க வேண்டிய இடம் எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியவில்லை. நடத்துனரைக் கேட்டேன். “அது அப்பவே பூட்ச்சேம்மா” என்றார். பூந்தமல்லியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அதில் ஏற்கெனவே ஆறு பேரும் இரண்டு பூக்கூடைகளும் இருந்தன. “கொஞ்சம் நவுந்து குந்தும்மா” என்று பூக்காரம்மா ஒரு கூடையை என் மடியில் வைத்தார். கேமராப் பை கூடைக்கு அடியில். அதுவரை எந்த ஃபிலிம் கேமராவும் மல்லிகைக்கு அடியில் பயணம் செய்திருக்காது.

பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் ஆட்டோ இருமியது, பிறகு நின்றேவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம், டிரைவர் உள்ளே உட்கார்ந்துகொண்டு “அப்டித்தான், அப்டித்தான்” என்றார். பூக்காரம்மா தள்ளிக்கொண்டே என்னைக் கேட்டார்: “உங்க ஊர்ல வண்டி நிக்காதாம்மா?”

“நிக்கும். ஆனா யாரும் தள்ள மாட்டாங்க. ஃபோன் பண்ணிட்டு வெயில்ல நிப்பாங்க.”

“அப்போ இத்தே தேவல” என்றார்.

இஸ்மாயில் பாய் ஒல்லியாக, கண்ணில் மை தீட்டியவர்போல இருந்தார். கிட்டே போனால் இரும்புத் தூசி. புதிய லென்ஸை வாங்கி, மரையின் மேல் பல் பல்லான தகட்டை வைத்து அளந்தார். “இஞ்சுக்கு முப்பத்திரெண்டு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எவ்வளவு தடிமன் வேண்டும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீங்க ஒண்ணுதான் சொல்லணும். எத்தினி எம்.எம்.?”

சொன்னேன்.

“மிச்சத்த சொன்னீங்கன்னா நான் கொயம்பிடுவேன்.”

அலுமினியத் துண்டிலிருந்து வெள்ளிச் சுருள் சுருளாக உதிர, முக்கால் மணி நேரத்தில் வளையம் பிறந்தது. லென்ஸில் திருகினார். சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது. “மலேசியாவுல லேத்து இல்லியா?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது, லென்ஸ்தான் இங்கே இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினார், நம்பியதுபோலத் தெரியவில்லை.

பட்டறைக்குத் திரும்பியபோது மூன்று மணி. சரளா பெல்ட்டை நிறுத்தினாள். வளையத்தோடு புதிய லென்ஸை மாட்டினோம். திரையில் மூடி பளிச்சென்று தெரிந்தது. ஐம்பது மூடிகளையும் ஒவ்வொன்றாக விட்டாள். புஸ், புஸ், புஸ். பெண்கள் வாய்விட்டு எண்ணினார்கள். நாற்பத்தொன்பது முறை ஊதியது. ஒரே ஒரு மூடி மட்டும் ஒன்றும் தெரியாததுபோல நல்ல பக்கம் போய்ச் சேர்ந்தது.

சரளா அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். விளிம்பில் முடியிலும் மெல்லிய விரிசல். நான் கண்ணாடிக் கடைக்காரி. எனக்கே இரண்டு முறை திருப்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மறுபடி ஓட்டினோம். மறுபடியும் அதே மூடி தப்பியது. நான் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கிப் பார்த்தேன், விரித்துப் பார்த்தேன். பயனில்லை.

“நாப்பத்தொம்போது வந்துச்சேக்கா” என்றாள் ஒரு பெண் எனக்காக, சரளாவிடம்.

“வரலியே ஒண்ணு” என்றாள் சரளா.

அவள் என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டாள். எனக்கு அழுகை முட்டியது உண்மைதான். ஆனால் எங்கள் கடையில் யாராவது வந்து, ‘பவர் கொஞ்சம்தான் தப்பு, பரவாயில்லை, போட்டுக் கொடுங்க’ என்றால் நான் கொடுப்பேனா? கொடுத்ததில்லை. “நீங்க சொல்றது சரிதான் சரளா. லென்ஸ் இங்கேயே இருக்கட்டும்” என்றேன். பழையதை நானே திருப்பி மாட்டிக் கொடுத்தேன். திருகும்போது அதன் உடம்பு கையில் கதகதப்பாக இருந்தது, நாளெல்லாம் விளக்குக்குப் பக்கத்தில் நின்றதனால்.

மாலையில் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று தர்ஷினிக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். லென்ஸை உடைத்தது, சென்னைக்கு வந்தது, ஒரு மூடியில் தோற்றது.

“இதுக்குத்தான் போனீங்களா?” என்றாள். “உறவுக்காரங்களைப் பார்க்கப் போறேன்னீங்க.”

“ஹேமாவைப் பார்த்தேனே.”

“பரவால்ல மா. மத்த லென்ஸ்ல எடுங்க. உங்க மாப்பிள்ளைக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கும்.” சிரித்தாள். சிரித்துவிட்டு, “வீடியோக்காரங்களைக் கூப்பிட மாட்டேன். சொல்லிட்டேன்” என்றாள்.

நான்காம் நாள் பருத்திப்பட்டு போய் ஏரியைச் சுற்றிப் பார்க்கலாம் என்று ஹேமா விடுப்பு எடுத்திருந்தாள். போகிற வழியில் ஆவடியில் ஒரு கண்ணாடிக் கடையில் மூக்குத்தாங்கிகள் ஒரு பொட்டலம் வாங்கினேன். தொழிலில் இருப்பவள் என்று தெரிந்ததும் கடைக்காரர் கூடவே நான்கு திருகாணியும் போட்டுக் கொடுத்தார். சொன்ன சொல்லுக்குச் சரளாவின் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுப் பிறகு ஏரிக்குப் போகலாம் என்று அம்பத்தூருக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

பட்டறை வாசலிலேயே ஒரு பெண் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் உள்ளே பார்த்து, “வந்துட்டாங்க லா” என்று குரல் கொடுத்தாள்.

சரளா அன்று ஒரு மணி நேரம் முன்னதாக வந்திருக்கிறாள். மேலே இருந்து வெளிச்சம் போட்ட விளக்கைக் கழற்றி, பெல்ட்டுக்குப் பக்கவாட்டில், மூடிகளின் உயரத்துக்கே இறக்கிக் கட்டியிருந்தாள். கட்டியிருந்தது ஒரு பழைய துப்பட்டாவால்.

“ராத்திரி சோறாக்கும்போது தோணிச்சுக்கா. பூதக்கண்ணாடி வச்சிப் பாக்கறப்ப நாங்க மூடிய நேரா வச்சிப் பாக்க மாட்டோம். ஜன்னலாண்ட இப்டி சாச்சிப் புடிப்போம். சாஞ்ச வெளிச்சத்துலதான் வெடிப்பு தெரியும். லென்சு மேல தப்பு இல்ல. வெளக்கு மேலதான்.”

நான் லென்ஸ்களைப் பற்றி இருபத்தாறு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது தோன்றவில்லை.

புதிய லென்ஸை மாட்டினாள். ஐம்பது மூடிகள். இந்த முறை யாரும் வாய்விட்டு எண்ணவில்லை. அந்த விரிசல் மூடி எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சரளா அதைக் கடைசியில் வைத்திருந்தாள். அது லென்ஸுக்கு அடியில் வந்தது. பக்க வெளிச்சத்தில் விரிசல் வெள்ளிக் கம்பிபோல எரிந்தது. புஸ்.

சரளா சிரிக்கவில்லை. தட்டைத் திருப்பி மறுபடி ஓட்டினாள். மூன்றாவது முறையும் ஓட்டினாள். மூன்று முறையும் ஐம்பது. பிறகுதான் முதலாளிக்கு ஃபோன் செய்தாள். அவர் ஓசூரில் இருந்தார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னது மட்டும் கேட்டது: “நான் பாத்துட்டேன் சார்.” அதோடு முடிந்தது.

பழைய லென்ஸைத் தன் கையாலேயே துணியில் சுற்றி எனக்குத் தந்தாள். நான் மூக்குத்தாங்கியைப் போட்டு அவள் கண்ணாடியை நேராக்கி மாட்டிவிட்டேன். அவள் என் கேமராப் பையைக் காட்டினாள். “மாட்டித்தான் பாருங்களேன்” என்றாள்.

என்னிடம் மூன்று ரோல் ஃபிலிம் இருந்தது, கல்யாணத்துக்கென்று வைத்தது. ஒரு ரோல் இரண்டே முக்கால் நிமிடம். ஒன்றை எடுத்துக் கேமராவில் போட்டேன். சாப்பாட்டு நேரம், பெண்கள் வாசல் வேப்பமரத்தடியில் வந்து நின்றார்கள். முதலில் ஃபோட்டோவுக்கு நிற்பதுபோல விறைப்பாக நின்றார்கள். “அசையலாம்” என்றேன். ஒருத்தி அசைந்தாள், உடனே எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. வலைத் தொப்பிகளைக் கழற்றினார்கள். சரளா கடைசி வரை கழற்றவில்லை. பிறகு ஒருத்தி பின்னாலிருந்து வந்து பிடுங்கினாள். இருபத்தைந்து எம்.எம்.மில் அவர்கள் எறும்பாகவும் இல்லை, மூக்காகவும் இல்லை. எதிரே நின்ற பதினான்கு பேராகவே இருந்தார்கள். முறுக்கு தீரத் தீரச் சாவி கொடுத்தேன். ரோல் தீர்ந்து கேமரா வெறுமனே ஓடும் சத்தம் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவில்லை. ஹேமாவும் நானும் பருத்திப்பட்டு ஏரியைப் பார்க்கவே இல்லை.

கல்யாணத்தில் மீதி இரண்டு ரோல்களையும் எடுத்தேன். கோயில் மண்டபத்தில் கூட்டத்துக்குள் நுழைந்து, மிதிபட்டு, பூசாரியிடம் ஒரு முறை திட்டும் வாங்கி எடுத்தேன். ரோல்களைக் கழுவி, ஃபோனில் பார்க்கும்படி மாற்றி வர ஒன்றரை மாதம் ஆனது. தர்ஷினிக்கு அனுப்புவதற்கு முன்னால் சரளாவுக்குத்தான் அனுப்பினேன், வேப்பமரத்தடிப் படம், கல்யாணப் படம் இரண்டையும். லென்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

மறுநாள் அவள் குரல் வந்தது. “அக்கா, டிவில போட்டு எல்லாரும் பாத்தோம். எங்க படத்துல நான் குண்டா கீறேன், அத்த உடுங்க. கல்யாணம் ஷோக்கா கீது. பொண்ணு லட்சணமா கீது. ஒண்ணு கேக்கணும். தாலி கட்றப்போ தூணாண்ட ஒருத்தர் நிக்கறாரு பாருங்க, பச்ச சட்ட போட்டுகினு. எல்லாரும் அரிசி போடறாங்க, அவரு மட்டும் போடல. மூஞ்ச அந்தாண்ட திருப்பிகினு கண்ணத் தொடச்சிகினு கீறாரு. ஒரு செகண்டுதான். நாலு வாட்டி நிறுத்திப் பாத்துட்டேன். யாருக்கா அது, பொண்ணுக்கு அப்பாவா?”

நான் அந்தப் படத்தைப் பத்து முறையாவது பார்த்திருப்பேன். அதை எடுத்ததே நான்தான். மறுபடி ஓட்டி, தாலி கட்டும் இடத்தில் நிறுத்தினேன். ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், பூப்போட்ட பச்சை பாத்தேக் சட்டை. அந்த நேரத்தில் வெளியே போய் வண்டிகளை நகர்த்திக்கொண்டிருந்ததாக அவர் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

கடையின் பின்னறையில் கண்ணாடி அறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய் ஃபோனை அவர் முன்னால் நீட்டினேன். என் கணவர் இயந்திரத்தை அணைத்தார். பார்த்தார். தானே விரலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தார்.

“பிள்ளைக்கு அனுப்பிட்டியா?” என்றார்.

“இன்னும் இல்லை.”

அறுத்துக்கொண்டிருந்த கண்ணாடியை எடுத்துத் துணியில் துடைத்தார்.

“அனுப்பு” என்றார்.